மூக்கில்லாத புள்ளிகள்

காட்டாற்றில் தண்ணீர் நின்றுபோன ஒரு கோடையில், காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, சருகுமான், தேவாங்கு, நரி ஆகிய ஐந்தும் ஒரே ஊற்றில் குடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தன.

ஊற்று என்றதும் தானாகப் பொங்கி வரும் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்று மணலைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் கசிந்து நிற்கும் தண்ணீர்தான் அது. இன்று தோண்டிய குழியை நாளைக்குள் மணல் மூடிவிடும். ஆகவே தினமும் விடியற்காலையில் தோண்ட வேண்டும்.

பன்றி மூக்கால் முட்டிக் கிளறும். முள்ளம்பன்றி அந்த மணலைக் காலால் வாரித் தூர வீசும். சருகுமான் குழியின் விளிம்பைக் குளம்பால் மிதித்து இறுக்கும். தேவாங்குக்கு உடம்பும் சின்னது, நடையும் மெதுவானது. அது கொடிகளை இழுத்துவந்து சரிவில் பரப்பி, மணல் உள்ளே விழாமல் தடுக்கும்.

நரி என்ன செய்யும்? நரி தண்ணீர் குடிக்கும்.

ஒரு நாள் நரிக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இன்னொரு நாள் மாமியார் வீட்டில் விசேஷம் இருக்கும். தோண்டி முடித்துத் தண்ணீர் தெளிந்த பிறகுதான் அதன் முதுகு சரியாகும், விசேஷமும் முடியும்.

ஒரு காலையில் பன்றிக்குப் பொறுமை போய்விட்டது. அது எல்லாரையும் நாவல் மரத்தடிக்குக் கூப்பிட்டது.

"இனிமே தோண்டாதவனுக்குத் தண்ணி இல்ல," என்றது. "யாரா இருந்தாலும் சரி. காரணம் எதுவும் கேக்க மாட்டேன்."

நரி நிதானமாகக் காதைச் சொறிந்துகொண்டது.

"கோவிச்சுக்காதீங்க பன்றியண்ணே. நீங்க ஒண்ணு சொல்வீங்க, நான் ஒண்ணு சொல்வேன், இது முடியாது. யார் பக்கமும் சாயாத ஒருத்தரைக் கேட்டா என்ன?"

"அப்படி யாருடா இருக்கான் இந்தக் காட்டுல?"

"குடிசையில இருக்கிற பெட்டி," என்றது நரி.

ஆற்றங்கரைக்கு மேலே ஆராய்ச்சி செய்கிற மனிதர்களின் குடிசை ஒன்று இருந்தது. கோடை வந்தால் அவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். குடிசைக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கூரையில் ஒரு சோலார் தகடு. பேட்டரி செத்துப்போய்விட்டதால் வெயில் அடித்தால்தான் கம்ப்யூட்டர் ஓடும்.

தேவாங்கு அந்தக் குடிசையின் கூரையோர இறவாணத்தில்தான் குடியிருந்தது. பகலெல்லாம் தூங்க வேண்டிய பிராணி அது. ஆனால் மனிதர்கள் அந்தத் திரையைப் பார்த்துப் பேசும் பேச்சு அதன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பேச்சைக் கேட்டுக் கேட்டு, விரல்களைப் பார்த்துப் பார்த்து, எந்த விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்திருந்தது. எழுத்துதான் ஒன்றுகூடத் தெரியாது.

"தேவாங்கக்கா, அந்தப் பெட்டியில புள்ளிகள் ஓடுமே, அது எதுக்காம்?" என்று நரி கேட்டது. தெரியாதது போலத்தான் கேட்டது. முந்தின மாதமே அது ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

தேவாங்குக்கு உற்சாகம் தாங்கவில்லை. தனக்குத் தெரிந்ததை யாராவது கேட்க மாட்டார்களா என்று அது வெகுநாளாகக் காத்துக் கிடந்தது.

"அதுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு உசுருன்னு வச்சுக்கங்க. பச்சைப் புள்ளி உழைக்கும். சிவப்புப் புள்ளி உழைக்காது. ரெண்டு பச்சை சந்திச்சா, ரெண்டும் சேர்ந்து இரை தோண்டி வயிறாரத் தின்னும். பச்சையும் சிவப்பும் சந்திச்சா, பச்சை தோண்டும், சிவப்பு பெரும்பங்கைத் தின்னும். வயிறு நிறைஞ்ச புள்ளி குட்டி போடும். குட்டி தாயைப் போலவே நடக்கும். பட்டினி கிடந்தது செத்துடும். எந்த மாதிரி நடக்கிற கூட்டம் தழைக்கும், எது அழியும்னு மனுசங்க அதுல பாக்கிறாங்க."

"பாருங்கண்ணே," என்றது நரி. "நம்ம வழக்கும் அதேதானே? பெட்டி என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுவோம். நானும் கட்டுப்படறேன்."

பன்றிக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. உழைக்கிறவன்தான் ஜெயிப்பான் என்று அது உறுதியாக நம்பியது. "சரி," என்றது.

வெயில் ஏறியதும் எல்லாரும் குடிசைக்குள் நுழைந்தார்கள். தேவாங்கு கண்களைச் சுருக்கிக்கொண்டு மேசைமேல் ஏறியது. மனிதர்கள் விட்டுப்போனது விட்டுப்போனபடியே இருக்க, ஓட்டும் விசையை மட்டும் அழுத்தியது.

திரை முழுக்கப் பச்சை. அங்கங்கே சிவப்பு. பன்றி உறுமிச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் முளைத்தது. பச்சை அங்கே இங்கே ஓட்டை விழுந்து மெலிந்தது. பன்றியின் சிரிப்பு நின்றது. கடைசியில் ஒரு மூலையில் நாலைந்து பச்சைப் புள்ளிகள் மட்டும் உழைத்துக்கொண்டே இருந்தன. பிறகு அவையும் இல்லை. திரை ஒரே சிவப்பு.

"போதும் தேவாங்கக்கா, நிறுத்துங்க," என்று நரி மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது. "உழைச்சுப் பங்கு போடறவன் அழிவான். பெட்டியே சொல்லிடுச்சு. நான் என்ன செய்யட்டும்?"

தேவாங்கு விசையை அழுத்தித் திரையை அணைத்தது. இது சரியென்று அதற்குப் படவில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"அப்ப அவனவன் குழியை அவனவன் தோண்டிக்கலாம்," என்றது பன்றி. அதன் குரலில் உயிரே இல்லை.

மறுநாளிலிருந்து பொது ஊற்று மூடிக்கிடந்தது.

பன்றி தனியாகத் தோண்டியது. கிளறிய மணலை வெளியே வாரிப் போட ஆள் இல்லாததால் பாதி மணல் திரும்பவும் குழிக்குள்ளேயே விழுந்தது. நாள் முழுக்கப் பாடுபட்டு ஒரு சேற்றுக் குட்டையை உண்டாக்கி, அதன் பக்கத்திலேயே கோரைப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. முள்ளம்பன்றிக்கு ஆழமாகக் கிளற மூக்கு இல்லை. ஈர மணலை நக்கிக்கொண்டு கிடந்தது. நரி மட்டும் சௌகரியமாக இருந்தது. பன்றி கண் அயரும் நேரம் பார்த்து வந்து குட்டையில் வாயை வைத்துவிட்டு ஓடிப்போகும்.

சருகுமானின் கதைதான் மோசம். அதன் பின்னங்காலில் மூங்கில் சிம்பு ஏறி, கால் வீங்கிப்போயிருந்தது. மூன்று காலால் நொண்டி நொண்டிப் பன்றியின் குழிக்கு வந்தது.

"பன்றியண்ணே, ஒரு வாய் தண்ணி."

"தோண்ட வந்தியா?"

"இல்லண்ணே. கால்ல..."

"எல்லாருக்கும்தான் கால் இருக்கு. போ."

சருகுமான் எப்போதுமே அதிகம் பேசாத பிராணி. மெல்ல மேடேறி, குடிசைக்கு அடியில் இருந்த நிழலில் போய்ப் படுத்துவிட்டது.

தேவாங்கு மேலிருந்து அதைப் பார்த்தது. இறங்கி வந்து தன் மெல்லிய விரல்களால் சிம்பைப் பிடுங்கி எறிந்தது. வீக்கம் அப்படியே இருந்தது. சருகுமானின் நாக்கு காய்ந்து வெளியே தொங்கியது. தேவாங்கு அத்திப்பழங்களைப் பறித்துவந்து அதன் வாயில் பிழிந்தது. பழத்துச் சாறு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"அக்கா, நான் பிழைப்பேனா?" என்று கேட்டது சருகுமான்.

"பிழைப்ப," என்றது தேவாங்கு. அதற்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் நரிமேல் இல்லை, தன்மேல். பெட்டியை ஓட்டிக் காட்டியது யார்? தான்தானே!

இத்தனை நாளும் நாம் சேர்ந்துதானே தோண்டினோம், நாம் சாகவில்லையே, புள்ளிகள் மட்டும் ஏன் செத்தன? இந்தக் கேள்வி தேவாங்கை விடவில்லை. பதில் தெரியாமல் தூங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டது.

அன்றைக்கு வெயில் வந்ததும் தன்னந்தனியாக மேசைமேல் ஏறி, அதே ஆட்டத்தை மறுபடி ஓட்டியது. பச்சை செத்தது. திரை சிவப்பானது. முன்பு நரி நிறுத்தச் சொன்ன இடம் அதுதான். இந்த முறை தேவாங்கு நிறுத்தவில்லை.

சிவப்பும் சிவப்பும் சந்தித்துக்கொண்டன. தோண்ட ஆள் இல்லை. இரை இல்லை. ஒன்றொன்றாகச் சிவப்புப் புள்ளிகளும் மறைந்தன. கடைசியில் திரையில் ஒரு உயிர்கூட இல்லை. வெறும் கறுப்பு.

தேவாங்குக்கு இப்போதுதான் புரிந்தது. பெட்டி சொன்னதில் பாதியைத்தான் எல்லாரும் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

ஆனாலும் பச்சை ஏன் முதலில் தோற்றது என்பதற்கு இது பதில் இல்லை. தேவாங்கு மறுபடி ஓட்டியது. பகல் வெளிச்சம் அதன் பெரிய கண்களைக் குத்தியது, தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தது. மறுநாளும் பார்த்தது. அதற்கு மறுநாள், கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரே ஒரு பச்சைப் புள்ளியின் மேல் விரலை வைத்து, அது போகிற இடமெல்லாம் விரலையும் நகர்த்தியது.

அந்தப் பச்சை ஒரு சிவப்பைச் சந்தித்தது. உழைத்தது, ஏமாந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே சிவப்பிடம் வந்தது. மறுபடி உழைத்தது, மறுபடி ஏமாந்தது. மூன்றாவது தடவையும் அதனிடமே போய் நின்றது.

"அட மக்கு! இப்பத்தானே அவன் உன்னை ஏமாத்தினான்!" என்று தேவாங்கு திரையைத் தட்டியது. "மோந்து பாத்தா தெரியாதா உனக்கு?"

சொன்ன வாய் அப்படியே நின்றது.

மோந்து பார்க்க அதற்கு மூக்கு எங்கே இருக்கிறது? அது வெறும் புள்ளி. காட்டில் பிறந்த எந்தப் பிராணியும் இன்னொன்றை ஒரு தடவை மோந்துவிட்டால் சாகும்வரை மறக்காது. மூக்கில்லாத ஒரு ஜன்மம் உலகத்தில் இருக்கலாம் என்பதே பன்றிக்கோ முள்ளம்பன்றிக்கோ தேவாங்குக்கோ தோன்றியிருக்கவில்லை. யார் என்று தெரியாமல் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டு, அதனாலேயே அந்தப் புள்ளிகள் அழிந்திருக்கின்றன!

திரையின் ஓரத்தில் சில கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முடிச்சு. அம்புக்குறி விசையை அழுத்தினால் முடிச்சு நகரும். மனிதர்களில் ஒரு பெண் ஒரு கோட்டைக் காட்டி, "இதுக்கு ஞாபகத்தை நாம இன்னும் கொடுக்கவே இல்ல," என்று சொன்னது தேவாங்குக்கு நினைவு வந்தது. அந்தக் கோட்டில் முடிச்சு இடதுபக்கக் கோடியில் கிடந்தது.

தேவாங்கு அதை வலதுபக்கக் கோடிவரைக்கும் தள்ளியது. ஓட்டியது.

இப்போது பச்சைகள் யாரிடம் ஏமாந்தோம் என்று நினைவு வைத்திருந்தன. ஏமாற்றிய சிவப்பு மறுபடி வந்தால் உழைக்க மறுத்தன. சிவப்புகள் பட்டினி கிடந்து குறைந்தன. திரை பச்சையாகிக்கொண்டே வந்தது.

தேவாங்கு தன் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எங்கேயும் போனதில்லை. முள்ளம்பன்றியை எழுப்பி, பன்றியைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பியது.

முள்ளம்பன்றியோடு பன்றி வந்தது. இளைத்துப்போயிருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. திரையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அன்னைக்கு சிவப்பு ஜெயிக்கும்னுச்சு. இன்னைக்குப் பச்சைங்குது. நீ எதை அழுத்தறியோ அதைத்தான் அது காட்டுது. இதை நம்பி நான் வந்தேன் பாரு."

"ஆமாண்ணே, நீங்க சொல்றது சரி," என்றது தேவாங்கு.

இந்தப் பதிலைப் பன்றி எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்திருந்தது.

"அன்னைக்கு நான் மூக்கில்லாத பிராணிகளைத்தான் ஓட்டிக் காட்டினேன். அதுங்களுக்கு என்ன ஆகும்னு பெட்டி சரியாத்தான் சொல்லுச்சு. நாம அதை நம்ம விதின்னு எடுத்துக்கிட்டோம். தப்பு பெட்டி மேல இல்ல, என் மேலதான். இப்ப இந்தக் கோட்டு முடிச்சைக் கடைசிவரை தள்ளி, அதுங்களுக்கு எதையும் மறக்காத ஞாபகத்தைக் கொடுத்திருக்கேன். நமக்கு மூக்கு இருக்குண்ணே. யாரு உழைக்கிறாங்க, யாரு ஏமாத்தறாங்கன்னு நமக்குத் தெரியும்."

பன்றி இப்போது திரையை நன்றாகப் பார்த்தது. பச்சை, பச்சை, எங்கும் பச்சை. அதன் வால் நிமிர்ந்தது.

"அப்ப நான் சொன்னதுதானே சரி? தோண்டாதவனுக்குத் தண்ணி இல்ல. என்னைக்கும் இல்ல. அதைத்தானே இதுவும் செய்யுது?"

"அப்படித்தான் தெரியுது. ஆனா உடனே போயிடாதீங்கண்ணே. அன்னைக்கு நாம பாதியில எழுந்து போயிட்டோம். இன்னைக்குக் கடைசிவரை இருந்து பாருங்க," என்றது தேவாங்கு.

பன்றி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தது.

பச்சைக் கூட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி மங்கியது. அது உழைப்பதை நிறுத்தியது. பக்கத்தில் இருந்த பச்சை உடனே அதை ஒதுக்கியது. அடுத்ததும் ஒதுக்கியது. ஒதுக்கப்பட்ட புள்ளி தேறி எழுந்து உழைக்க வந்தபோது, சேர்த்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால் அதுவும் அவர்களை ஒதுக்கியது. பிறகு இன்னொரு இடத்தில் இன்னொரு புள்ளி மங்கியது. கொஞ்ச நேரத்துக்குள் பச்சைகள் ஒன்றையொன்று ஒதுக்கிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் நின்றே பட்டினியால் மறைய ஆரம்பித்தன. ஒரு சிவப்புக்கூட அங்கே இல்லை.

"என்னது இது?" என்றது பன்றி. "முதல்ல ஒண்ணு நின்னுச்சே, அது பச்சைதானே? அது ஏன் வேலை செய்யல?"

"அதுக்கு நோவுண்ணே. இந்தப் புள்ளிகளுக்கு எப்பவாவது நோவு வரும்னு மனுசங்க சொல்லுவாங்க."

"நோவுன்னா மத்தது கேட்டிருக்கலாமே?"

"யாரும் கேக்கல."

பன்றியின் மூக்கு துடித்தது. பலகைத் தரையின் இடுக்கு வழியாக ஒரு நாற்றம் வந்துகொண்டிருந்தது. சீழ் பிடித்த புண்ணின் நாற்றம். அதற்குள்ளே தெரிந்த ஒரு பிராணியின் வாசனை.

பன்றி வெளியே போய்க் குனிந்து குடிசைக்கு அடியில் பார்த்தது. சருகுமான் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. பின்னங்கால் வீங்கிப் பளபளவென்றிருந்தது.

"கால் இப்படி இருக்குன்னு ஏன் சொல்லல நீ?"

"சொல்ல வந்தேண்ணே," என்றது சருகுமான். "எல்லாருக்கும்தான் கால் இருக்குன்னு சொன்னீங்க."

கோடை முழுக்கத் தோண்டித் தோண்டிக் காய்த்துப்போன பன்றியின் முரட்டு முகம் வெட்கத்தால் தரையைப் பார்த்தது. இந்தச் சருகுமான் எத்தனை காலைகளில் தனக்கு முன்னால் ஊற்றுக்கு வந்து நின்றிருக்கிறது என்று அதற்கு நினைவு இருந்தது. நினைவு இருந்தும், ஒரு நாள் வராததை மட்டும் பிடித்துக்கொண்டு துரத்தியிருக்கிறது.

"தேவாங்கு," என்று குரல் கொடுத்தது பன்றி. "அந்த முடிச்சைக் கொஞ்சம் பின்னால தள்ளு."

"எவ்வளவுண்ணே?"

"ரொம்ப வேண்டாம். ஏமாத்தினது ஞாபகம் இருக்கட்டும். ஆனா ஒரு நாள் வரலைன்னா பொறுத்துக்கணும். திரும்பி வந்து உழைச்சா சேர்த்துக்கணும். அந்த அளவுக்குத் தள்ளு. முள்ளம்பன்றி, நீ எழுந்து வா. தோண்டணும்."

"இப்பவா? வெயில் மண்டையைப் பொளக்குது," என்றது முள்ளம்பன்றி.

"இப்பவேதான். சாயங்காலம்வரைக்கும் இவ தாங்க மாட்டா."

தேவாங்கு முடிச்சை நகர்த்தி, விசையை அழுத்திவிட்டு, அது என்ன ஆகிறது என்று பார்க்காமல் இறங்கி ஓடியது. அதாவது, தேவாங்குகள் ஓடுகிற மாதிரி.

உச்சி வெயிலில் மூன்றும் பழைய ஊற்றைத் திறந்தன. பன்றி முட்டிக் கிளறியது. முள்ளம்பன்றி வாரி வீசியது. விளிம்பை மிதிக்க ஆள் இல்லாமல் மணல் சரிந்தது. தேவாங்கு கொடியைப் பரப்பிவிட்டு அதன்மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டு, நாலு கையாலும் சரிவைப் பிடித்துக்கொண்டது. சுடுமணலில் அதன் வயிறு பொரிந்தது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இரண்டு தடவை குழி இடிந்து விழுந்தது. இரண்டு தடவையும் பன்றி ஒரு வார்த்தை பேசாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது.

மணல் கறுத்தது. பிறகு ஈரமானது. பிறகு பன்றியின் மூக்கு நனைந்தது.

அது குடிக்கவில்லை. நேராக மேடேறி, சருகுமானின் பக்கத்தில் போய் நின்று, தன் முதுகில் சாய்ந்து நடக்கச் சொல்லி, அடி அடியாகக் கூட்டிவந்தது. முதல் வாய் தண்ணீரைச் சருகுமான் குடித்தது. வெகுநேரம் குடித்தது. அது தலையைத் தூக்கும்வரை யாரும் குழிக்குள் வாயை வைக்கவில்லை.

வெயில் தாழ்வதற்குள் தேவாங்கு போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தது.

"என்ன ஆச்சு?" என்றது பன்றி.

"பச்சை நிறைய இருக்குண்ணே. வாடுது, தழைக்குது, ஆனா சாகல. சிவப்பும் ஓரத்துல கொஞ்சம் இருக்கு. முழுசாப் போகல."

"போகாது," என்றது பன்றி. "நம்ம ஓரத்துலயும் ஒண்ணு வந்து நிக்குது பாரு."

நரிதான் நின்றுகொண்டிருந்தது. பன்றி தன் குட்டையைக் கவனிக்காமல் விட்டதில் அது தூர்ந்துபோய்விட்டது. குடிக்க வேறு இடம் இல்லை.

"எல்லாரும் சேர்ந்துட்டீங்க போலிருக்கே, சந்தோஷம்," என்று இளித்தது. "எனக்கு முதுகு மட்டும் நல்லா இருந்திருந்தா..."

பன்றி குழிக்கும் நரிக்கும் நடுவில் வந்து நின்றது. முட்டவில்லை, உறுமவில்லை.

"உன் முதுகை எங்களுக்கு நல்லாவே தெரியும். ஒரு தடவை இல்ல, கோடை முழுக்கப் பாத்தாச்சு. இன்னைக்கு உனக்குத் தண்ணி இல்ல. காலையில வந்து தோண்டு, குடி."

"பெட்டி என்ன சொல்லுச்சுன்னு மறந்துட்டீங்களா? அதுக்குக் கட்டுப்படறேன்னு ஒத்துக்கிட்டீங்களே!"

"பெட்டி பேசி முடிக்கிறதுக்குள்ள நீதானே அதுக்கு முன்னால போய் நின்ன?" என்றது தேவாங்கு. "சிவப்பு மட்டும் மிஞ்சினதும் என்ன ஆகுதுன்னு நான் கடைசிவரை பாத்தேன் நரித்தம்பி. ஒண்ணுகூடப் பிழைக்கல."

நரி முறைத்துவிட்டுப் போனது. முன்பு முள்ளம்பன்றி தோண்டியிருந்த பள்ளத்தை அது நக்கிப் பார்த்தது. காய்ந்த மணல். ஆற்றில் மேலும் கீழும் அலைந்தது. எங்கும் தோண்டுகிறவர்கள் இல்லாததால் எங்கும் தண்ணீர் இல்லை. தானாகத் தோண்டிப் பார்த்தது. முழங்கால் ஆழத்தில் மணல் சரிந்து அதன் முகத்திலேயே விழுந்தது.

காலையில் மற்றவர்கள் ஊற்றுக்கு வந்தபோது நரி அங்கே இருந்தது. சருகுமான் வழக்கமாக நின்று மிதிக்கிற விளிம்பில் போய் நின்றுகொண்டு, நரி நாலு காலாலும் மணலை மிதித்து இறுக்கியது. பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை வழுக்கிக் குழிக்குள் விழுந்து பன்றியின் முதுகில் ஏறியது. முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டது.

தண்ணீர் தெளிந்தது. ஒவ்வொன்றாகக் குடித்தன. நரி மட்டும் விளிம்பிலேயே நின்றது. திருடிக் குடிக்கத்தான் அதற்குத் தெரியும், மற்றவர்கள் கூப்பிட்டுக் குடித்துப் பழக்கமில்லை.

"குடிக்கலையா?" என்றது பன்றி.

"இத்தனை நாள் நான் செஞ்சதுக்கு..." என்று நரி இழுத்தது.

"அது ஞாபகம் இருக்கு. இன்னைக்கு உழைச்சதும் ஞாபகம் இருக்கு. நாளைக்கு நேரத்துக்கு வந்து சேரு."

பன்றி நகர்ந்து இடம் விட்டது. நரி குனிந்து தண்ணீரில் வாயை வைத்தது. யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல், வயிறு நிறையும்வரை நிதானமாக அது குடித்தது அன்றைக்குத்தான்.

ஏமாற்றுகிறவனுக்கு இடம் கொடுக்காமலும், தவறியவன் உழைக்க வரும்போது தள்ளிவைக்காமலும் இருக்கத் தெரிந்த கூட்டமே சேர்ந்து பிழைக்கும்.